சக்கரத்தைச் சுற்றிய மரம்

1

பழைய சைக்கிள் கிறுக்கு பிடித்த நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு முழுக்க இரும்பைப் பற்றித்தான் இருக்கும். குழாய்கள் சேரும் மூட்டில் பித்தளைப் பற்றவைப்பு எப்படி இருக்கிறது, ஃபிரேமில் குத்தியிருக்கும் நம்பரைப் படிக்க முடிகிறதா, ஹேண்டில் பாருக்குக் கீழே இருக்கும் கம்பெனி வில்லை ஒரிஜினலா, ரிம்மில் குரோமியம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வாரத்தில் ஐந்து நாள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் புரோகிராம் எழுதுகிறேன். சனி, ஞாயிறு ஊருக்கு வந்தால் மண்ணெண்ணெய் டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு வருஷத்தில் ஐந்து வண்டிகளைப் புதுப்பித்திருக்கிறேன். எல்லாமே ரோட்ஸ்டர் என்று சொல்லப்படும் வகை. 28 இஞ்சு சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு, செயினை மூடும் தகரப் பெட்டி, ஏறக்குறைய இருபது கிலோ எடை.

இந்தப் பேச்சில் வரவே வராத ஒரு பொருள் உண்டு. டயர். தேய்ந்த டயரைக் கழற்றித் தூரப் போடுவதுதான் புதுப்பிக்கும் வேலையின் முதல் படி. இரும்புக்கு வயது, பிறந்த ஊர், குடும்ப வரலாறு எல்லாம் உண்டு. ரப்பருக்கு விலை மட்டும்தான்.

கீரிப்பாறையில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். நாகர்கோவிலில் இருந்து அழகியபாண்டியபுரம் வரைக்கும் வயலும் குளமுமாக வருகிற நாஞ்சில் நாட்டு ரோடு, தடிக்காரன்கோணம் தாண்டியதும் மலைக்குள் ஏறத் தொடங்கும். இரண்டு பக்கமும் வரிசை பிசகாமல் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு வெட்டு, கீழே ஒரு சிரட்டை. காளிகேசம் போகிற வழி என்றால் டூரிஸ்டுகளுக்குத் தெரியும். அவர்கள் அதைக் காடு என்று நினைத்து போட்டோ எடுப்பார்கள். அது காடு இல்லை. உலகம் சக்கரத்தில் ஏறியதால் உண்டான தோட்டம். அந்தப் பசியை முதலில் கிளப்பிவிட்டது காரோ லாரியோ அல்ல, சைக்கிள்.

2

நான் கடைசியாகக் கட்டிய வண்டி ஒரு ஹெர்குலிஸ். கீரிப்பாறை தோட்டக் குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்புறம், மரச்சீனிக் கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு அவருடைய மகள் எனக்கு அதைக் கொடுத்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"அப்பா மேல ஏறும்போ ஒரு நாளும் அதை சவுட்டுனது கெடையாது தம்பி. தள்ளிக்கிட்டுத்தான் வருவாவ. சவுட்டுறது எல்லாம் எறக்கத்துலதான்" என்றார் அக்கா.

மற்ற ஊர்களில் சைக்கிளை மிதிப்பார்கள், ஓட்டுவார்கள். எங்கள் பக்கம் சவுட்டுவோம். அந்த வண்டியின் வாழ்க்கையில் பாதி தூரத்துக்கு யாருமே அதைச் சவுட்டவில்லை. தடிக்காரன்கோணத்தில் ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி, கேரியரில் கட்டி, மேலே வரை தள்ளிக்கொண்டே வருவார். இறக்கத்தில்தான் அது சைக்கிள். ஏற்றத்தில் இரண்டு சக்கரக் கைவண்டி.

வண்டியைப் பார்த்தாலே அது தெரிந்தது. கேரியரின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து அகலப்படுத்தியிருந்தார்கள். முன் ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் கூடுதல் கம்பி கொடுத்துப் பலப்படுத்தியிருந்தது. செயின் பெட்டி இல்லை. மழைக்காலத்துச் சேறு உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும் என்று எப்போதோ கழற்றியிருக்க வேண்டும். பிரேக் கட்டை கடையில் வாங்கியது இல்லை, லாரி டயரில் இருந்து வெட்டியது. பின் டயரை ரிம்மில் இருந்து உரித்தபோது உள்ளே இன்னொரு டயர்த் துண்டு இருந்தது. கிழிந்த இடத்துக்கு அடியில் அதை வைத்து, தடித்த நைலான் நூலால் தைத்திருந்தார். தையல் ஒரே சீராக இருந்தது. தினமும் மரப்பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவுகிற கை அது.

வழக்கமாக நான் தூரப் போடுகிற பொருள் அது. இந்த முறை அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் வெட்டுகிற ஒருவர், ரப்பர் டயர் வாங்கக் காசு போதாமல், பழைய ரப்பரை வைத்து ரப்பரைத் தைத்திருக்கிறார். இது எப்படி நடந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

3

இன்றைக்கு நாம் சைக்கிள் என்று சொல்லும் வடிவம் 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் வந்தது. ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர். அதற்கு முன்பிருந்த வண்டியில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். பெடல் நேராக அச்சில் இருந்ததால், ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போக வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். விழுந்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஸ்டார்லி பெடலை நடுவில் வைத்து, செயின் போட்டு, பின் சக்கரத்தைச் சுழற்றினார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. கால் தரையில் எட்டும்.

அதில் ஒரு குறை இருந்தது. பெரிய சக்கரம் சின்னக் குழிகளைத் தாண்டிப் போய்விடும். சின்னச் சக்கரம் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும். அப்போதைய டயர் கெட்டி ரப்பர். ரோடோ கல்பாவியது. பாதுகாப்பான வண்டி கிடைத்தது, ஆனால் உட்கார்ந்து போகிறவனின் எலும்பு ஆடியது.

1888இல் இதற்குத் தீர்வு வந்தது, ஒரு கால்நடை மருத்துவரிடம் இருந்து. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் இருக்க ரப்பர்க் குழாயில் காற்றடைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார். அந்த வருஷமே பேட்டண்ட் வாங்கினார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1840களிலேயே இதே யோசனைக்குப் பேட்டண்ட் வாங்கியிருந்தது பிறகு தெரிய வந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது வேறு கதை. 1889இல் வில்லியம் ஹ்யூம் என்ற சாதாரண ஓட்டக்காரர் காற்றடைத்த டயர் போட்ட சைக்கிளில் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வரிசையாக ஜெயித்தார். சில வருஷங்களில் கெட்டி டயர் காணாமல் போய்விட்டது.

எங்கள் தொழிலில் இதை டிபெண்டன்சி என்போம். நீங்கள் எழுதிய புரோகிராம் வேறு யாரோ எழுதிய ஒரு சின்னப் பகுதியை நம்பி ஓடும். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, அது அறுந்துபோகும் வரை. ஸ்டார்லியின் இரும்பு, டன்லப்பின் காற்றை நம்பி ஓடியது. காற்று ரப்பரை நம்பி இருந்தது. ரப்பரோ அமேசான் காட்டுக்குள் தானாக வளர்ந்து நின்ற மரத்தை நம்பி இருந்தது.

ஒரு ரோட்ஸ்டரில் ரப்பர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு டயர், இரண்டு டியூப், ஸ்போக்ஸ் முனை டியூபைக் குத்தாமல் இருக்க ரிம்முக்குள் போடும் பட்டை, நாலு பிரேக் கட்டை, பெடல் கட்டைகள், கைப்பிடி. இவற்றை விடச் சின்னது வால்டியூப். காற்றடிக்கும் வாயில் இருக்கும் ஊசியின் மேல் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய், சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம். உள்ளே போன காற்று வெளியே வராமல் பிடித்து வைப்பது அதுதான். அது போனால் இருபது கிலோ இரும்பும் உருட்டித் தள்ள வேண்டிய பாரம். வண்டி நகர்வதற்கும் நிற்பதற்கும், ஏறியவன் கால் வழுக்காமல் இருப்பதற்கும் ரப்பர் வேண்டும். இருந்தும் அதை ஸ்டீல் சைக்கிள் என்கிறோம்.

4

1890களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் மோகத்தில் இருந்தன. அங்கே இளைஞர்களும் பெண்களும் முதல் தடவையாகக் குதிரையும் ரயிலும் இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அது பெரிய விடுதலைதான். அதே வருஷங்களில் ஆப்பிரிக்காவின் காங்கோவில், பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த நாட்டில், கிராமத்துக்கு இவ்வளவு என்று ரப்பர் அளவு விதித்தார்கள். காட்டுக்குள் போய்க் கொடிகளில் இருந்து பால் எடுத்துவர வேண்டும். அளவு குறைந்தால் சவுக்கு, பணயக் கைதி, துப்பாக்கி, கை வெட்டு. ரோஜர் கேஸ்மென்ட் என்ற பிரிட்டிஷ் தூதர் நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை 1904இல் வெளியானது. 1908இல் காங்கோ மன்னரின் கையை விட்டுப் போனது. அதற்குள் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. டயர் போட்டு ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் அது எந்த ரப்பர் என்று கேட்கவில்லை. வண்டியில் கம்பெனிப் பெயர் பளபளவென்று இருந்தது. டயருக்குள் இருந்த ரப்பருக்கு ஊர்ப்பெயர் இல்லை.

காட்டு ரப்பர் போதாது, தோட்டம் போட வேண்டும் என்ற யோசனை பிரிட்டிஷாருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1876இல் ஹென்றி விக்ஹாம் அமேசானில் இருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதில் முளைத்தது சுமார் 2,700. அவற்றில் சுமார் 1,900 கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். கொழும்புக்கு வடகிழக்கே, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை வேர் பிடித்தன.

கன்று வளர்ந்தும் யாருக்கும் அக்கறை இல்லை. காப்பியும் தேயிலையும் போட்ட துரைமாருக்கு ரப்பர் ஒரு வேடிக்கை மரம். டன்லப் பேட்டண்ட் வாங்கிய அதே 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்தார் ஹென்றி ரிட்லி. சட்டைப் பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் நட்டுப் பாருங்கள் என்று சொல்லி அலைந்ததால் கிறுக்கு ரிட்லி என்று பெயர் வாங்கியவர். அவர் செய்த பெரிய காரியம் வெட்டும் முறை. மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாக எடுத்து, அடுத்த முறை அதே வெட்டின் கீழ் விளிம்பை மறுபடி சீவுவது. மரம் சாகாது, பட்டை திரும்ப வளரும். இன்றைக்குக் கீரிப்பாறையில் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர் கையில் இருப்பது அந்த முறையின் வாரிசுதான். விடியுமுன் போவதற்குக் காரணம், வெயில் ஏறுவதற்கு முன்புதான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் பால் குறையும்.

சைக்கிள் தொடங்கிய பசியைக் கார் பல மடங்காக்கியது. 1913 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. மலேயாவிலும் இலங்கையிலும் காடுகளை அழித்து ரப்பர் நட்டார்கள். நட்டது யார், வெட்டியது யார் என்று தமிழில் படிக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி பின்னால் போய்க் கப்பல் ஏறியவர்கள் நம் ஆட்கள்.

5

கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அசம்பு மலைகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டிருந்தார்கள். பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் 1902இல் திருவிதாங்கூரின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் வந்தது. மழையும் சரிவும் ஒத்துப்போன இடமெல்லாம் ரப்பர் பரவியது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, இங்கே அரசே ரப்பர்த் தோட்டம் போட்டது. முதலில் வனத்துறையின் கீழ் இருந்தது, 1984இல் அரசு ரப்பர் கழகமாக ஆனது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு எல்லாம் அதன் கோட்டங்கள்.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களில் பெரும் பகுதியினர் இலங்கையில் இருந்து வந்தவர்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வந்தவர்களில் சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது, சிலருக்குக் குமரியில் அரசு ரப்பரில்.

ஹெர்குலிஸ் வண்டிப் பெரியவர் அப்படி வந்தவர். கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் பால்வெட்டுதான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்து, பிறகு ரயில், பஸ் என்று இங்கே வந்து சேர்ந்ததாக அக்கா சொன்னார். இங்கே வந்து இறங்கியபோது அவருக்குத் தெரிந்ததாக இருந்தது அந்த மரம் ஒன்றுதான். அமேசானில் இருந்து கியூ, கியூவில் இருந்து கம்பஹா, அங்கிருந்து இங்கே. மரம் போன பாதையின் பின்பாதியில் அதே வரிசையில் அவர்கள் குடும்பமும் நடந்திருக்கிறது.

6

இப்போது இரும்பின் பக்கம் வருவோம். ஹெர்குலிஸ் 1910இல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. 1946இல் அதை ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு வரும் என்பது தெரிந்த விஷயம். முருகப்பா குழுமமும் அந்த பிரிட்டிஷ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, சென்னைக்கு வெளியே அம்பத்தூரில் தொழிற்சாலை போட்டார்கள். 1951இல் அங்கிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. அதே சமயத்தில் வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலி, சோனிபத்தில் அட்லஸ். லூதியானாவில் முஞ்சால் சகோதரர்களின் ஹீரோ 1956இல். ஹீரோ 1986இல் உலகத்திலேயே அதிகமாகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸில் ஏறியது. அட்லஸ் தன் சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3ஆம் தேதி மூடியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்.

இந்த எல்லாக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான் செய்தன: இங்கிலாந்தின் ரோட்ஸ்டர். அங்கே அதில் ஏறுகிறவர் வேலைக்குப் போகும் குமாஸ்தா, பாதிரியார், போலீஸ்காரர். ஒரு ஆள், ஒரு பை. இங்கே வந்ததும் அது வேறு பிராணி ஆனது. பால் கேன், மீன் கூடை, தேங்காய்க் குலை, கேஸ் சிலிண்டர், முன் பாரில் ஒரு பிள்ளை, பின் கேரியரில் மனைவியும் கைக்குழந்தையும். பர்மிங்காமில் யாரும் நினைக்காத பாரம். அதற்குத் தகுந்தபடி அதை மாற்றியது தெருமுனைச் சைக்கிள் கடையும் கொல்லுப்பட்டறையும். தடித்த ஸ்போக்ஸ், இரட்டைக் கம்பி ஃபோர்க், அகலக் கேரியர்.

அப்படி மாற்ற முடிந்ததற்கு வண்டியின் கட்டுமானமே காரணம். எல்லாமே நாலைந்து ஸ்பானருக்கு அடங்கும். பின் சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது கால் இஞ்சுக் குண்டு. தேய்ந்தால் பால்ரஸ் மட்டும் மாற்றினால் போதும். பெடலைத் தாங்கும் கிராங்க் அச்சில் நிற்பது காட்டர் பின் என்ற ஒரு சின்ன ஆப்பால். அது தளர்ந்தால் தட்டி இறுக்கலாம், தேய்ந்தால் புதுசு போடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவதற்குக் கடைகளில் ஓவராயில் என்று பெயர். இங்கிலீஷில் ஓவர்ஹால். நம் ஆட்கள் காதில் அது ஆயில் என்று விழுந்தது, அர்த்தமும் பொருந்திவிட்டது. கம்பெனியின் கையேடு ஒன்றைக்கூடப் படிக்காமல், காதால் கேட்டும் கையால் பழகியும் ஒரு தேசமே ஒரு எந்திரத்தைத் தனதாக்கிக்கொண்டதற்கு அந்தச் சொல் ஒன்று போதும்.

7

இந்த வண்டியைப் புதுப்பிப்பது என்றால் எதுவாகப் புதுப்பிப்பது?

பழைய சைக்கிள்காரர்களிடம் இதற்குத் தயாராகப் பதில் உண்டு. தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. வெல்டிங்கை அறுத்து எடு, கூடுதல் கம்பியைக் கழற்று, கறுப்பு எனாமல் அடி, தங்கக் கோடு போடு, பழைய ஸ்டாக் செயின் பெட்டி தேடி வாங்கு. கண்காட்சியில் வைத்தால் கூட்டம் நிற்கும். அதில் ஒரு அழகு இருக்கிறது, எனக்கும் அது பிடிக்கும். என் மற்ற நாலு வண்டிகளும் அப்படித்தான் நிற்கின்றன.

ஆனால் இந்த வண்டி அம்பத்தூரில் இருந்தது சில நாட்கள். கீரிப்பாறை ரோட்டில் இருந்தது நாற்பது வருஷத்துக்கு மேல். அம்பத்தூர் நாளுக்குத் திருப்பினால் அந்த நாற்பது வருஷமும் போய்விடும். கேரியரில் அகலத்துக்கு வைத்த சட்டம், ஒரு குடும்பத்தின் ஒரு வார அரிசியின் அகலம். ஃபோர்க்கின் கூடுதல் கம்பி, இறக்கத்தில் மூட்டையோடு வரும்போது முன் சக்கரம் வளைந்துவிடும் என்று பயந்த ஒருவரின் கணக்கு. எந்தக் கம்பெனியின் வரைபடத்திலும் இல்லாத டிசைன் முடிவுகள் இவை. தொழிலாளி எழுதி வைத்துவிட்டுப் போன ஆவணம் என்று வேறு எதுவும் அந்த வீட்டில் இல்லை. மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை ஒன்று உண்டு, அது அரசாங்கம் எழுதியது.

அதனால் பெயின்ட் அடிக்கவில்லை. துருவை மட்டும் எடுத்து எண்ணெய் பூசினேன். பித்தளை வில்லையைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெல்டிங் எல்லாம் அப்படியே. பிளந்து ஓட்டையாகியிருந்த தோல் சீட்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. கோட்டம் எடுக்கச் சக்கரத்தைக் கொண்டுபோன கடைக்காரப் பாட்டா, வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதுக்கு மக்கா இந்தக் கம்பியெல்லாம்? களைஞ்சிரட்டா?" வேண்டாம் பாட்டா, அது இருக்கட்டும் என்றேன். சிரித்துக்கொண்டு ஸ்போக்ஸ் திருகத் தொடங்கினார்.

டயர்தான் கஷ்டமான இடம். இரும்பு அறுபது வருஷம் நிற்கும். ரப்பர் நிற்காது. வெயிலும் காற்றும் பட்டு வெடிக்கும், காய்ந்து உதிரும். தைத்த டயரைப் போட்டு ஓட்ட முடியாது. 28 × 1½ டயர் இப்போதும் சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது, புதுசு வாங்கி மாட்டினேன். பழையதைத் தைத்த இடம் வெளியே தெரியும்படி மாட்டிவைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஃபைல் வைப்பது என் வழக்கம். எந்தப் பாகம், எந்த ஊர், எந்த வருஷம். இந்த வண்டியில் இரும்புக்கு எல்லாம் எழுதிவிட முடிந்தது. டயருக்கு நேராக எழுத ஒன்றுமில்லை. காரணம் சோம்பல் இல்லை, ரப்பரின் தன்மை. முந்நூறு மரத்தின் சிரட்டைகள் ஒரு வாளியில் சேரும். பல வாளிகள் ஒரு தொட்டியில் சேரும். ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் உலர்த்தினால் அதற்குத் தரம் மட்டும்தான் உண்டு, ஒன்றில் இருந்து ஐந்து வரை நம்பர். எந்த மலை, எந்த மரம், எந்தக் கை என்பது முதல் வாளியிலேயே கரைந்துவிடும். குழாயில் நம்பர் குத்தலாம். பாலில் குத்த முடியாது. இரும்பைச் செய்தவன் பெயர் வில்லையில் நிற்பதும் ரப்பரை எடுத்தவன் பெயர் எங்கும் இல்லாமல் போவதும் இப்படித்தான். காங்கோவிலும் இதுதான் நடந்தது.

8

கீரிப்பாறையில் இருந்து தடிக்காரன்கோணத்துக்கு இந்த வண்டியில் இறங்குவது ஒரு பாடம். கம்பி பிரேக், ரிம்மின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக அழுத்தும். குரோமியத்தில் தண்ணீர் பட்டால் பிடிப்பு வெகுவாகக் குறையும். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அதனால் வேகம் எடுத்த பிறகு பிரேக் பிடிக்கலாம் என்ற நினைப்பே கூடாது. வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே பிடிக்கத் தொடங்கிவிட வேண்டும். பிரேக் இல்லாத வண்டியில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஹவாய்ச் செருப்பைப் பின் டயரில் வைத்து அழுத்துவார்கள். ரப்பர் மேல் ரப்பர். அதுவும் பிடிக்கும், ஒரு வாரத்தில் செருப்பு காலி. ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடியவர்களும் அதே பையன்கள்தான். ஐரோப்பியர்கள் வருவதற்கு ஈராயிரம், மூவாயிரம் வருஷம் முன்பே நடு அமெரிக்காவின் மக்களும் ரப்பரில் பந்து செய்து விளையாடியிருக்கிறார்கள்.

போகிற வழியில் ஒரு பகுதியில் மரங்களை மொத்தமாக வெட்டி, புதுக் கன்று நட்டிருக்கிறார்கள். ரப்பர் மரம் ஏழு வருஷத்தில் வெட்டுக்கு வரும், இருபது, இருபத்தைந்து வருஷம் பால் தரும், பிறகு மரக்கடைக்குப் போகும். பெரியவர் முதலில் வெட்டிய மரங்களில் ஒன்றுகூட இப்போது இருக்காது. அவர் தள்ளிய சைக்கிள் இருக்கிறது. அவருடைய தலைமுறையின் பிள்ளைகள் பலர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கூலி உயர்வு கேட்டு நடத்தும் போராட்டங்கள் அவ்வப்போது உள்ளூர்ச் செய்தியில் வரும்.

உங்கள் ஊரில், உங்கள் தாத்தா வீட்டில், இப்படி ஒரு வண்டி சாய்ந்து நிற்கலாம். புதுப்பிக்க ஆசை வந்தால் நல்லது. ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். கேரியர் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, என்ன ஏற்றியதால் வளைந்தது என்று அந்த வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். டயரை உரித்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி நம்பரை நான் எழுதிக்கொள்ளாவிட்டால் இன்னொருவர் எழுதிக்கொள்வார், அது இரும்பில் இருக்கிறது. மற்றதைச் சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.